காவல் நிற்கும் காந்தம்

(ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

அறிஞர் பலர் பேசும் மேடையில் நான் ஒரு சுவிச்சைப் பற்றிப் பேச எழுந்திருக்கிறேன். பொருள் சிறிதுதான், ஆயினும் அது உயிரைக் காப்பது. லயத்தில் குப்பி விளக்கு எரிந்த காலத்தைக் கண்ட பெரியோர்கள் இச்சபையில் இருக்கிறார்கள். இன்று அந்தக் காம்பராக்களில் மின்விளக்கு எரிகிறது. மின்சாரத்தோடு கூடவே வந்த காவற்காரன்தான் டிரிப் சுவிச்சு.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கோயில் திருவிழாவுக்கு நாங்கள் விளக்குச் சரம் கட்டினோம். மாலையில் நமுனுகுல மலையிலிருந்து பனி இறங்கித் தூறலும் பிடித்துக்கொண்டது. சுவிச்சைத் தூக்கிவிட்டால் விழுகிறது. மறுபடி தூக்கினால் மறுபடியும் விழுகிறது. பொறுமை இழந்து, சுவிச்சை விலக்கிவிட்டு நேராகக் கம்பி கொடுக்கத் துணிந்தோம். அப்போது ஒரு பெரியவர் குறுக்கே வந்து, “அது சும்மா விழாது தம்பி. எங்கேயோ கசியுது, அதைத் தேடுங்க” என்றார். தேடினோம். பந்தல் தகரம் உரசி ஓரிடத்தில் கம்பியின் உறை தேய்ந்து செம்பு தெரிந்தது. அந்தத் தகரத்தைத் தாங்கிய இரும்புக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டுதான் பிள்ளைகள் நிற்பார்கள்! அன்று எங்கள் கை முந்தியிருந்தால் என்னவாகியிருக்கும்?

அந்தச் சுவிச்சு எப்படி அறிந்தது? வீட்டுக்குள் ஒரு கம்பி வழியே போகும் மின்சாரம் மற்றக் கம்பி வழியே முழுவதும் திரும்ப வேண்டும். இரு கம்பிகளும் சுவிச்சுக்குள் ஓர் இரும்பு வளையத்தின் ஊடே செல்கின்றன. போனதும் வந்ததும் சமமானால் வளையம் சும்மா இருக்கும். ஒருவர் உடல் வழியாக ஒரு பங்கு நிலத்துக்குப் போய்விட்டால் கணக்குக் குறையும். உடனே வளையத்தில் சுற்றிய மெல்லிய கம்பியில் சிறு மின்னோட்டம் பிறக்கும்.

அந்த அற்ப ஓட்டம் இவ்வளவு பெரிய சுவிச்சை எப்படித் தள்ளும்? இங்கேதான் காந்தம் வருகிறது. நாம் சுவிச்சை மேலே தூக்கும்போதே உள்ளே சுருள்வில் இறுகுகிறது. வில்லில் நாணேற்றுவது போல. பல டிரிப் சுவிச்சுகளில், அது விடுபடாமல் ஓர் இரும்புத் துண்டைப் பிடித்து வைத்திருப்பது நிலைக்காந்தம். கசிவால் பிறந்த ஓட்டம் சுருளிற் பாய்ந்து, அந்தக் காந்தத்தின் பிடியை எதிர்த்து ஒரு கணம் தளர்த்துகிறது. அவ்வளவே அதன் வேலை. மீதியை வில் செய்துவிடும். நாண் ஏற்றியது நம் கை. அம்பை விடுவது கசிவு.

வீடுகளில் பொதுவாக உள்ளது 30 மில்லியம்பியர் சுவிச்சு. நமது 230 வோல்ட் மின்சாரத்தில் 60 உவாட் குமிழ் ஒன்று எடுப்பதில் அது ஏறக்குறைய ஒன்பதில் ஒரு பங்கு. அந்த அளவு கசிந்தால் 0.3 விநாடிக்குள் சுவிச்சு விழ வேண்டும் என்பது விதி. உடலில் மின்சாரம் செய்வதை ஆராய்ந்த அமெரிக்கப் பேராசிரியர் சார்ல்ஸ் டால்சீல் இவ்வகைக் காவற்கருவி ஒன்றை 1961இல் அமைத்தார்.

ஆனால் இக்காவற்காரனுக்கும் எல்லை உண்டு. இரண்டு கம்பிகளையும் ஒருவர் இரு கையாற் பிடித்தால், போனதெல்லாம் திரும்பி வருவதால் அது கசிவென்று அறியாது. சுவிச்சுக்கு முன்னாலேயே கம்பி கொக்கி போட்டு எடுத்தாலும் காவல் இல்லை. நெடுநாள் அசையாதிருந்தால், நம் ஊர் ஈரத்திலும் தூசியிலும் உள்ளே இரும்பு ஒட்டிக்கொண்டு, வேண்டிய வேளையில் விழாமலும் போகலாம்.

ஆகையால் அதன் முகத்தில் ‘டி’ என்ற ஆங்கில எழுத்திட்ட சிறு பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்துங்கள். மின்சாரம் இருக்கும்போது அழுத்தினால் சுவிச்சு விழ வேண்டும். விழாவிட்டால் மின்வினைஞரை அழைத்து மாற்றுங்கள்.

இளைஞர்களே! ஒரு ஞாயிற்றுக்கிழமை லயம் லயமாகச் சென்று, வீட்டாரின் அனுமதியோடு அந்தப் பொத்தானை அழுத்திக் காட்டுவோம். சங்கத்துக்கு ஒரு சதமும் செலவில்லை. பெரியோர்களே! சுவிச்சு விழுந்தால் பிள்ளைகள் அதை ஏசுவார்கள். அன்று அந்தப் பெரியவர் எங்களுக்குச் சொன்னதை நீங்கள் அவர்களுக்குச் சொல்லுங்கள்: அது சும்மா விழாது.