கம்பியில்லா இணையத்தில் மையக் கட்டுப்பாடு



இரவு வேளையில் மத்திய அலையிலே தொலைதூர நிலையமொன்றைத் தேடித் திருகியைத் திருப்பியிருப்போர், இரு நிலையங்கள் ஒன்றன்மேலொன்று படிந்து, பேச்சும் விளங்காது பாட்டும் விளங்காது போகும் அவதியை அறிவர். அங்கே குறை எந்த நிலையத்தின் வலுவிலும் அன்று. இரண்டும் ஒரே இடத்தில் ஒலிப்பதே குறை. இதே சங்கடம் இன்று பெரிய வைத்தியசாலையொன்றின் கூரையின் கீழும் நிகழக்கூடும்.

அத்தகைய கட்டடங்களில் விடுதிக்கு விடுதி, முகட்டிலே சிறு வெண்ணிறப் பெட்டிகளைக் காண்கிறோம். கைத்தொலைபேசிக்கும் கணினிக்கும் கம்பியின்றி இணையத்தை அளிக்கும் வைஃபை நிலையங்கள் அவை. வீட்டுக்கு ஒன்று போதும். ஒரே கட்டடத்தில் இருநூறு சேரும்போதுதான் தொல்லை ஆரம்பமாகிறது.

காரணம் இடநெருக்கடி. 2.4 கிகாஹேர்ட்ஸ் பட்டையில் எண்ணிட்ட அலைவரிசைகள் பல உள; ஆயினும் அவை பெரும்பாலும் 5 மெகாஹேர்ட்ஸ் இடைவெளியிலேயே நிற்கின்றன. ஒரு நிலையத்தின் ஒலிபரப்போ ஏறக்குறைய 20 மெகாஹேர்ட்ஸ் அகலமுடையது. ஆகவே ஒன்றையொன்று தீண்டாது வைக்கக்கூடியவை 1, 6, 11 என்னும் மூன்றே என்பது பொதுவழக்கு. 5 கிகாஹேர்ட்ஸ் பட்டையில் இடம் தாராளம். ஆனால் அவ்வலைகள் சுவர்களை ஊடுருவுவதில் சற்று இளைத்தவை. ஒரே வரிசையில் ஒருவரையொருவர் கேட்கக்கூடியவர்கள், ஒருவர் பேசும்போது மற்றவர் மௌனமாகக் காத்திருக்கவேண்டும். இணையம் மந்தமென்று முறைப்பாடு வந்தவுடன் நிலையத்தின் வலுவைக் கூட்டிவிடுவோர் பலர். எரிகிற நெருப்பில் எண்ணெய் வார்ப்பதற்கு இது ஒப்பாகும். உரத்த குரல் அடுத்த விடுதிகளையும் எட்டி, அங்குள்ளோரையும் காக்கவைக்கும். அன்றியும், நிலையத்தின் குரல் தொலைபேசிக்குக் கேட்கும். தொலைபேசியின் மெல்லிய குரல் நிலையத்துக்குக் கேளாது.

தனித்து நிற்கும் பெட்டிக்கு இவ்வுண்மை முழுதாகத் தெரியாது. ஆகவே எல்லாப் பெட்டிகளுக்கும் மேலாக ஒரு மையக் கட்டுப்படுத்தியை அமைத்தனர். மின்னூட்டம் பெற்றதும் நிலையம் வலையமைப்பில் இக்கட்டுப்படுத்தியைத் தேடிக் கண்டு, இருவரும் ஒருவர்க்கொருவர் அடையாளத்தை நிரூபித்து, பின்னரே கட்டளைகளைப் பெறுகிறது. எந்த நிலையம் எந்த அயலவரை எவ்வளவு வலுவாகக் கேட்கிறது என்னும் செய்தி கட்டுப்படுத்தியிடம் வந்து சேர்கிறது. அதைக்கொண்டு அது வரிசைகளைப் பகிர்கிறது, வலுவைக் குறைக்கிறது; ஒரு நிலையம் பழுதுற்றால் அண்டையவற்றின் குரலைச் சற்று உயர்த்துகிறது.

காவலும் மற்றொரு காரணம். 1997 ஆம் ஆண்டின் முதல் வைஃபை நியமத்திலிருந்த மறைகுறியீட்டு முறையின் பலவீனத்தை 2001 இல் ஃபுளூரர், மாண்டின், ஷமிர் என்னும் மூவர் எடுத்துக்காட்டினர். தனித்தனிப் பெட்டிகளாயின் ஒவ்வொன்றையும் திருத்தவேண்டும். தவறவிட்ட ஒன்றே திறந்த வாயிலாகும். எயர்ஸ்பேஸ் என்னும் நிறுவனம் வகுத்த கட்டுப்பாட்டு முறை, அந்நிறுவனத்தை 2005 இல் சிஸ்கோ வாங்கிய பின்னர், 2009 இல் வெளியான காப்வாப் என்னும் பொதுநெறிக்கு அடிப்படையாயிற்று.

ஆயினும் எல்லாவற்றையும் மையத்துக்கு எடுத்துச் செல்ல இயலாது. ஒரு செய்தித்துண்டு கிடைத்ததென்ற பதிலை, இதே 2.4 கிகாஹேர்ட்ஸ் பட்டையில், 10 மைக்ரோசெக்கன் இடைவெளியில் அனுப்பத் தொடங்கவேண்டும். மையத்தைக் கேட்டுவர அதற்குள் நேரமேது? அவ்வகை அவசர வேலைகள் முகட்டுப் பெட்டியிடமே விடப்பட்டுள்ளன. ஊர்க் கோவில் திருவிழாவில் உபயம் யாருக்கென்பதைச் சபை தீர்மானிக்கலாம். தவிலின் அடுத்த அடியைச் சபை தீர்மானிப்பதில்லை.

தாதியொருவர் வைஃபைத் தொலைபேசியில் வைத்தியருடன் பேசியவாறே நடைபாதையில் விரைகிறாரென்று கொள்வோம். எந்த நிலையத்தை விட்டு எதற்குத் தாவுவதென்பதைத் தீர்மானிப்பது அவர் கையிலுள்ள கருவியே. கட்டுப்படுத்தி ஆலோசனை கூறலாம். அவரது அனுமதிக்குரிய திறவுகோலை அடுத்த நிலையத்துக்கு முன்னதாகவே ஆயத்தப்படுத்தி, அடையாளச் சோதனை முழுவதும் மீண்டும் நடப்பதைத் தவிர்க்கலாம். இத்துணையில்லாவிடில் நடுப்பேச்சு அறுந்துபோகலாம். மருந்தின் அளவைக் கூறும் வேளையில் அது சிறு விடயமன்று.

இனி அச்சத்தையும் சொல்லவேண்டும். போக்குவரத்து யாவும் கட்டுப்படுத்தியினூடாகவே செல்லும்படி அமைத்திருந்தால், அது வீழும்போது இருநூறு பெட்டிகளும் ஒருங்கே ஊமையாகும். இதற்காகவே மாற்றுக் கட்டுப்படுத்தியொன்றை ஆயத்தமாக வைத்திருப்பர். அல்லது கட்டளைகளை மாத்திரம் மையத்தில் வைத்து, போக்குவரத்தை அந்தந்த மாடியின் கம்பிவழியே நேராக அனுப்புவர். வைத்தியசாலைக்குப் பின்னதே உகந்ததென்பது என் எண்ணம்; இரண்டையும் சேர்த்துக்கொள்ளப் பணமிருந்தால் இன்னும் நன்று.

பிழையான கட்டளை இயந்திரப் பழுதினும் கொடியது. பழுதை மாற்றுக் கருவி தாங்கும். பிழையை அதுவும் பணிவோடு நிறைவேற்றும். எனவே அனுபவமிக்க பொறியியலாளர் புதிய மென்பொருளை முதலில் அலுவலக மாடியின் இரண்டொரு நிலையங்களுக்கு மாத்திரம் இரவில் அளித்து, மறுநாள் பகல் முழுவதும் கவனித்து, அதன் பின்னர் விடுதிகளுக்கும் கடைசியாகத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கும் அனுப்புகின்றனர்.