வர்ஜீனியாவில் ஒரு குடும்பத்துக் கட்டடங்கள்

(பழைய மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



அமெரிக்காவைப் பற்றி ஏதாவது பேசச் சொன்னார்கள். கம்ப்யூட்டரைப் பற்றிப் பேச இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள். நான் சிவில்காரன். செங்கல்லைப் பற்றித்தான் பேசுவேன்.

இங்கிலாந்திலிருந்து போய் வர்ஜீனியாவில் குடியேறியது கார்ட்டர் குடும்பம். அதில் ராபர்ட் கார்ட்டர் என்பவருக்குக் 'கிங்' என்றே பட்டப்பெயர். 1732-ல் அவர் காலமானபோது சுமார் 3 லட்சம் ஏக்கர் நிலம் அவர் கையில்! லங்காஸ்டர் கவுண்டியில் தன் சொந்தச் செலவில் அவர் எழுப்பிய கிறிஸ்ட் சர்ச், அவர் போன பிறகு 1735 வாக்கில் முடிந்தது. சிலுவை வடிவம், 3 அடி கனச் சுவர். அந்தப் பக்கத்தில் அப்போதெல்லாம் சிப்பி ஓட்டைச் சுட்டுத்தான் சுண்ணாம்பு எடுப்பார்கள். நம்ம ஊர் கிளிஞ்சல் சுண்ணாம்பேதான், வேறொன்றும் இல்லை.

அவருடைய மகன் ஒருவர் பெண் எடுத்த வீட்டாரின் மாளிகை, ஜேம்ஸ் ஆற்றங்கரையில் உள்ள ஷெர்லி. 1738-ல் கட்டி முடித்தார்கள். அதன் படிக்கட்டு மூன்று தளத்துக்கும் ஏறுகிறது. தாங்கும் தூண் ஒன்றுகூடக் கண்ணுக்குத் தெரியாது. ஸ்ட்ரக்சர்ஸ் பேப்பரில் அரியர் வைத்தவர்கள் அவசியம் பார்க்க வேண்டும்!

இவ்வளவுக்கும் பணம் எங்கிருந்து வந்தது? புகையிலை. அதைப் பயிர் செய்தவர்கள் ஆப்பிரிக்க அடிமைகள். கிங் கார்ட்டரின் சொத்துக் கணக்கில் ஆடுமாடுகளோடு நூற்றுக்கணக்கான மனிதர்களும் அடக்கம். படிக்கட்டை வியந்து பார்த்துவிட்டு இதைச் சொல்லாமல் வந்தால் பாதிக் கணக்குத்தான் சொன்னதாகும்.

அதே கிங் கார்ட்டருக்கு ஒரு பேரன், மூன்றாம் ராபர்ட் கார்ட்டர். 1791-ல் ஒரு சாசனம் எழுதிக் கோர்ட்டில் பதிவு செய்தார். தன்னிடம் இருந்த 450-க்கும் மேற்பட்ட அடிமைகளைப் படிப்படியாக விடுதலை செய்யும் சாசனம். லிங்கனுடைய பிரகடனம் 1863-ல்தான் வந்தது. அதற்கு 72 வருஷம் முன்னால்! அவருடைய நண்பர்களான பெரிய மனிதர்கள் பலர் சுதந்திரத்தைப் பற்றி அழகாகப் பேசினார்கள். இவர் கையெழுத்துப் போட்டார்.

தாத்தாவுக்குச் சர்ச் வளாகத்தில் பெரிய கல்லறை இருக்கிறது. பேரன் வாழ்ந்த நொமினி ஹால் மாளிகை 1850-ல் தீயில் போயிற்று. அவரைப் புதைத்த இடத்துக்கு அடையாளக் கல்லும் வைக்கவில்லை. மிஞ்சியது அந்தச் சாசனம்தான். அதில் விடுதலையானவர்களின் பெயரும் வயதும் வரிசையாக எழுதியிருக்கிறது.