குளுவெட் சதுப்பில் ஒரு தாயும் பிள்ளையும்

இன்றைய பயணம் சுமத்ரா தீவின் வடமேற்குக் கரைக்கு. இந்தோனேசியாவின் ஆச்சே மாநிலத்தில், குனுங் லூசர் தேசியப் பூங்காவின் கடலோர விளிம்பில், குளுவெட் என்றொரு சதுப்புக்காடு இருக்கிறது. அதற்குள் சுவாக் பலிம்பிங் என்ற ஆய்வு நிலையம். ஒரு சதுர கிலோமீட்டருக்கு ஏழு ஒராங்குட்டான்கள் வரை இங்கே கணக்கிட்டிருக்கிறார்கள். சிறிய எண்ணாகத் தெரியலாம். ஆனால் ஒராங்குட்டான் வாழும் வேறு பல காடுகளில் அதே பரப்பில் ஒன்றோ இரண்டோதான் தேறும்.

பயணம் மேடான் நகரில் தொடங்குகிறது. தமிழ்க் காதுக்கு அந்த ஊரில் ஒரு பேட்டையின் பெயர் சட்டென்று பிடிபடும்: கம்போங் மெட்ராஸ். அங்கே 1884இல் எழுந்த ஸ்ரீ மாரியம்மன் கோயில் இன்றும் இருக்கிறது. டெலி வட்டாரத்துப் புகையிலைத் தோட்டங்களில் வேலை செய்யக் கப்பலேறி வந்தவர்கள் எழுப்பிய கோயில் அது. நகரைத் தாண்டியதும் சாலை மலையேறுகிறது. பெராஸ்தாகியில் சிபாயாக், சினாபுங் என்று இரண்டு எரிமலைகள். காப்பிக்குப் பேர்போன சிடிகாலாங் கடந்து, சுபுலுஸ்ஸலாம் பக்கம் இறங்கினால் எண்ணெய்ப்பனைத் தோட்டங்கள், வரிசை வரிசையாக, கண்ணுக்கு எட்டிய மட்டும். அதற்கும் அப்பால் இந்தியப் பெருங்கடல். வழியில் பார்த்த எரிமலைகளை மறந்துவிடக் கூடாது. அவை கக்கிய சாம்பல் வளமாக்கிய மண்ணில்தான் இந்தத் தீவின் காடுகள் நிற்கின்றன. போர்னியோ காட்டைவிடச் சுமத்ரா காட்டில் பழம் அதிகம் கிடைக்க அதுவே முக்கியக் காரணம். ஒராங்குட்டான்கள் இங்கே ஒன்றையொன்று சகித்துக்கொண்டு அருகருகே வாழ முடிவதும் அந்தப் பழத்தால்தான்.

கடலோரக் கிராமத்திலிருந்து லெம்பாங் ஆற்றில் படகு. தண்ணீர் கறுப்பாக இருக்கிறது, ஆனால் அழுக்கால் அல்ல. நீரில் மூழ்கி முழுதும் மக்காமல் பல்லாயிரம் ஆண்டுகளாகச் சேர்ந்த இலையும் வேரும் கட்டையும்தான் இங்கே தரை. அதன் சாறு ஊறிய நிறம் அது. காலை வைத்தால் முழங்கால் வரை உள்வாங்கும். அட்டைகளுக்குக் குறைவில்லை. வழிகாட்டி தலையை நிமிர்த்தியபடியே நடப்பார். அவர் தேடுவது விலங்கை அல்ல, கூட்டை.

ஒராங்குட்டான் ஏறக்குறைய ஒவ்வொரு மாலையும் புதிதாகப் படுக்கை போடும். கிளைகளை உள்நோக்கி வளைத்து, ஒன்றின்மேல் ஒன்றாகப் பின்னி, மேலே இலைக்கொத்துகளைப் பரப்பும். மழை வந்தால் கூரையும் உண்டு. பெரியவற்றுக்குப் பத்து நிமிடத்துக்குள் வேலை முடிந்துவிடும். குட்டிகளோ ஒரு வயது ஆகுமுன்பே சுள்ளிகளை வளைத்துப் பழக ஆரம்பித்தாலும், தாங்கும்படி ஒரு கூடு கட்டப் பல ஆண்டுகள் பிடிக்கும். படுக்கை போடும்போது உதட்டைக் குவித்துக் காற்றை விட்டு ஒரு ‘ப்ர்ர்ர்’ ஒலி எழுப்புவது சுவாக் விலங்குகளின் வழக்கம். எல்லாக் காட்டு ஒராங்குட்டான்களுக்கும் அந்தப் பழக்கம் கிடையாது. கூட்டின் இலை பச்சையாக இருந்தால் விலங்கு பக்கத்தில்தான் இருக்கிறது.

மரத்திலேயே வாழும் பாலூட்டிகளில் ஒராங்குட்டானைவிடப் பெரியது உலகில் இல்லை. வளர்ந்த ஆண் 80 கிலோவைத் தாண்டும். பெண் அதில் ஏறத்தாழ பாதி. இவ்வளவு எடையோடு ஒரு மெல்லிய மரத்திலிருந்து இன்னொன்றுக்குப் போக, அவை தாவுவதில்லை. மரத்தை முன்னும் பின்னும் ஆட்டி, அடுத்த மரம் கைக்கு எட்டும்வரை வளைத்து, பிடித்து மாறிக்கொள்கின்றன. காலும் கையைப்போலவே பற்றும். போர்னியோவில் பெரிய ஆண்கள் தரையில் நடந்து போவதைப் பார்க்கலாம். சுமத்ராவில் அது அபூர்வம், ஏனென்றால் இங்கே தரையில் புலி இருக்கிறது.

புலி பயம் எவ்வளவு ஆழமானது என்பதை இதே பூங்காவின் உள்பகுதியில், ஆலாஸ் ஆற்றங்கரையில் உள்ள கெத்தாம்பே ஆய்வு நிலையத்தில் சோதித்துப் பார்த்தார்கள். ஆய்வாளர் ஒருவர் புலிவரித் துணியைப் போர்த்திக்கொண்டு நான்கு காலில் ஊர்ந்துபோனார். மேலே இருந்த தாய் ஒராங்குட்டான்கள் உடனே கத்தவில்லை. குட்டியை அணைத்துக்கொண்டு மேலே ஏறின. ‘புலி’ கண்ணிலிருந்து மறைந்தபிறகு, சில நேரம் இருபது நிமிடம் வரை கழித்து, எச்சரிக்கைக் குரல் கொடுத்தன. ஆபத்து கண்முன் நிற்கும்போது கத்தி இருப்பிடத்தைக் காட்டிக்கொடுக்காமல், அது போனபின் எதைப் பார்த்துப் பயந்தோம் என்று பிள்ளைக்கு உணர்த்துவதாக 2018இல் வெளியான அந்த ஆய்வு விளக்கியது.

இந்தத் தாய்க்கும் பிள்ளைக்கும் இடையிலான காலம்தான் ஒராங்குட்டானின் வாழ்க்கையில் மிக நீண்ட அத்தியாயம். பெண் தன் முதல் குட்டியைப் பெற ஏறத்தாழ பதினைந்து வயது ஆகும். அடுத்த குட்டிக்குச் சராசரியாக ஏழெட்டு ஆண்டு இடைவெளி. பாலூட்டிகளில் இவ்வளவு நீண்ட பேறுகால இடைவெளி வேறெதற்கும் கிடையாது. குட்டி எட்டு வயது வரைகூடப் பால் குடிப்பதைப் பல்லில் படிந்த பேரியத்தின் அளவைக் கொண்டு கண்டறிந்திருக்கிறார்கள். உடலும் அதற்கேற்ற சிக்கனம் கொண்டது. அதன் அளவுள்ள மற்ற பாலூட்டிகளோடு ஒப்பிட்டால் ஒராங்குட்டான் ஒரு நாளில் செலவிடும் ஆற்றல் மிகக் குறைவு. பழமில்லாத மாதங்களில் பட்டையையும் இலையையும் மென்று காலம் தள்ள அது உதவுகிறது.

எட்டு ஆண்டுகள் அந்தக் குட்டி என்ன செய்கிறது? பார்க்கிறது. தாய் ஒரு பழத்தை உரிக்கும்போது அதன் வாய்க்கு ஒரு சாண் தூரத்தில் முகத்தை வைத்துக்கொண்டு, கண் இமைக்காமல் பார்க்கும். பிறகு ஒதுங்கிப்போய் அதே பழத்தைத் தானே உரித்துப் பார்க்கும். கரோலின் ஷுப்ளி என்ற ஆய்வாளர் சுவாக்கில் இந்தப் பார்வையை ஆண்டுக்கணக்காகப் பதிவு செய்திருக்கிறார். சாதாரண உணவைத் தாய் தின்னும்போது குட்டி அவ்வளவாகக் கவனிப்பதில்லை. எளிதில் கிடைக்காதது, உரிக்கக் கடினமானது என்றால் உடனே கிட்டே வந்துவிடும். வயது வந்த ஓர் ஒராங்குட்டானுக்குத் தெரிந்த உணவு வகைகள் சுமார் 250. தனியாக விட்டால் ஒரு குட்டி அத்தனையையும் கண்டுபிடித்துவிட முடியாது.

பெண் குட்டிக்கும் ஆண் குட்டிக்கும் இதில் ஒரு வேறுபாடு உண்டு. மகள் பெரும்பாலும் தாயையே பார்க்கிறாள். மகன் வளர வளர, வழியில் சந்திக்கும் அயலாரைப் பார்க்கத் தொடங்குகிறான். காரணம் பிற்கால வாழ்க்கையில் இருக்கிறது. மகள் வளர்ந்ததும் தாயின் எல்லைக்குப் பக்கத்திலேயே குடியேறுவாள். தாய்க்குத் தெரிந்த மரங்களே அவளுக்கும் சோறு போடும். மகன் தூரதேசம் போக வேண்டியவன். அங்கே என்ன தின்பது என்பதை அந்தப் பக்கத்து ஆட்களிடமிருந்துதான் அறிந்துகொள்ள முடியும்.

சுவாக்கின் பெயரை உலகம் அறியவைத்தது ஒரு குச்சி. 1990களின் தொடக்கத்தில் கேரல் வான் ஷைக் குழுவினர் இங்கே வேலையைத் தொடங்கியபோது, காட்டு ஒராங்குட்டான் வாடிக்கையாகக் கருவி செய்து உபயோகிக்கும் என்று யாரும் எழுதியிருக்கவில்லை. இங்கே அவை சுள்ளியை ஒடித்து, பட்டையைச் சீவி, வாயில் கவ்விக்கொண்டு மரப்பொந்துக்குள் விட்டுக் கொசுத்தேனீயின் தேனை எடுத்தன. அதைவிட நுட்பமானது நீசியா பழத்து வேலை. டுரியானுக்கு உறவான மரம் அது. கட்டை ஓடு, பழுத்தால் ஓரங்களில் வெடிப்பு விழும். உள்ளே கொழுப்பு நிறைந்த விதைகள். விதையைச் சுற்றிக் கண்ணாடித் தூள்போல் குத்தும் சுணை. ஒராங்குட்டான் குச்சியை வெடிப்புக்குள் விட்டு மேலும் கீழும் இழுத்துச் சுணையை உதிர்க்கும், பிறகு விதையை நெம்பி எடுக்கும். மரத்தடியில் குச்சி செருகியபடியே கிடக்கும் பழங்களை ஆய்வாளர்கள் சேகரித்தார்கள்.

ஆலாஸ் ஆற்றின் மறுகரையில் பாத்து-பாத்து என்ற சதுப்பு. அங்கும் நீசியா மரம் உண்டு, ஒராங்குட்டானும் உண்டு. மரத்தடியில் தேடிப் பார்த்தார்கள். குச்சி செருகிய பழம் ஒன்றுகூட இல்லை. ஒராங்குட்டான் நீந்தாது. அகன்ற ஆறு அதற்கு எல்லைச்சுவர். ஒரு கரையில் யாரோ ஒரு காலத்தில் கண்டுபிடித்து, பார்த்துப் பார்த்துப் பரவிய வித்தை மறுகரைக்குப் போய்ச் சேரவில்லை. மரபணுவோ மரமோ மட்டும் காரணமென்றால் இரு கரையிலும் ஒன்றாக இருந்திருக்க வேண்டும். வெவ்வேறு காடுகளின் இத்தகைய வேறுபாடுகளைத் தொகுத்து, ஒராங்குட்டான்களுக்குப் பண்பாடு உண்டு என்று 2003இல் வான் ஷைக் குழு எழுதியது. அப்போது சுவாக் மூடிக் கிடந்தது. ஆச்சேயின் உள்நாட்டுப் போரால் 1999இல் வெளியேறிய ஆய்வாளர்கள் 2007இல்தான் திரும்பினார்கள்.

இனி ஆண்கள். பிள்ளை வளர்ப்பில் அவர்களுக்குப் பங்கில்லை. ஆனால் காடு முழுக்கக் கேட்பது அவர்கள் குரல். கன்னத்தில் அகன்ற மடல்களும் தொண்டைப் பையும் கொண்ட பெரிய ஆணின் நெடுங்குரல் ஒரு கிலோமீட்டருக்கும் அப்பால் எட்டும். சுவாக்கில் கவனித்ததில் வியப்பான ஒன்று தெரிந்தது. மாலையில் படுக்கும்முன் அவன் எந்தத் திசையை நோக்கிக் குரல் கொடுக்கிறானோ, பெரும்பாலும் மறுநாள் அந்தத் திசையிலேயே போகிறான். கேட்கும் பெண்கள் அதற்கேற்ப நெருங்கி வரலாம். போட்டி ஆண்கள் விலகிப் போகலாம். எல்லா ஆணுக்கும் மடல் உடனே வளர்வதில்லை. வயது வந்தும், குட்டி பெறும் திறன் இருந்தும், மடலில்லாமல் பத்து இருபது ஆண்டுகள் கழிப்பவர்கள் சுமத்ராவில் நிறைய.

சுவாக்கில் ராக்குஸ் என்ற ஆணுக்கு 2021இல் மடல் வந்தது. 2022 ஜூனில் அவன் வலது கன்ன மடலில் பெரிய காயம், அநேகமாக இன்னொரு ஆணோடு நடந்த சண்டையில். மூன்று நாள் கழித்து ஆகார் கூனிங் என்ற கொடியின் இலைகளை மென்றான். விழுங்காமல் சாற்றை விரலால் எடுத்துக் காயத்தின்மேல் திரும்பத் திரும்பத் தடவினான். கடைசியில் மென்ற இலையையே அப்பினான். ஐந்து நாளில் காயம் மூடிக்கொண்டது. அந்தக் கொடி நம் சீந்தில் கொடியின் குடும்பத்தைச் சேர்ந்தது. அந்த வட்டாரத்து மக்களும் மருந்தாகப் பயன்படுத்துவது. காட்டு விலங்கொன்று மருத்துவ குணமுள்ள செடியைக் காயத்தில் பூசியதாக விவரமாகப் பதிவானது இதுவே முதல் முறை. 2024இல் கட்டுரை வெளிவந்தது. தானாகக் கண்டுபிடித்தானா, பிறந்த காட்டில் யாரையாவது பார்த்துக் கற்றானா என்பது எவருக்கும் தெரியாது. பிற ஆண்களைப்போல அவனும் வேறெங்கோ பிறந்து இங்கே வந்திருக்கலாம்.

இந்தக் கரையோரத்தில் குளுவெட்டைத் தவிர சிங்கில், திரிப்பா என்று இன்னும் இரண்டு பெரிய சதுப்புகள். திரிப்பாவின் பெரும்பகுதி எண்ணெய்ப்பனைக்காகக் கால்வாய் வெட்டி வடிக்கப்பட்டு, எரிக்கப்பட்டுப் போய்விட்டது. மொத்தச் சுமத்ரா ஒராங்குட்டான்கள் சுமார் 14,000. காடு அழியும் இடத்தில் தாயைக் கொன்று குட்டியைப் பிடித்து விற்பது இன்னும் நடக்கிறது. மீட்கப்படும் குட்டிகள் மேடானுக்கு அருகே உள்ள பராமரிப்பு மையத்துக்கு வருகின்றன. அங்கே மரமேறவும் கூடு கட்டவும் மனிதர்கள் பழக்குகிறார்கள். 2011இலிருந்து ஆச்சேயின் வடபகுதியில் ஜந்தோ என்ற காட்டில் அவற்றை விடுகிறார்கள்.

ஜந்தோவில் விடப்பட்ட பெண்களில் சில இப்போது குட்டி ஈன்றிருக்கின்றன. களப்பணியாளர்கள் தினமும் பின்தொடர்ந்து, எந்தப் பழத்தைத் தின்றது, எங்கே கூடு போட்டது என்று குறித்து வருகிறார்கள். அந்தக் காட்டில் ஏற்கனவே குடியிருந்த மூத்த ஒராங்குட்டான்கள் யாரும் இல்லை. அங்கே பிறக்கும் குட்டி தாயின் வாயருகே முகத்தை வைத்துப் பார்க்கும்போது, அந்தத் தாய்க்கு 250 வகையில் எத்தனை தெரியும் என்பதுதான் அவர்கள் நோட்டுப் புத்தகத்தில் சேர்ந்துகொண்டிருக்கும் கணக்கு.