முயல் தாடையில் கட்டியா? பிளேடை எடுக்காதீங்க!

(உத்தனப்பள்ளி கூட்டமைப்பு ஆண்டு விழாவில் குழு உறுப்பினர் ஒருவர் பேசியது)



எல்லாரும் கறவை மாடு பற்றிப் பேசினீங்க. நான் முயலைப் பற்றிப் பேசுறேன், சிரிக்காதீங்க. முயல், குந்தேலு, மொல என்று எந்தப் பேரில் கூப்பிட்டாலும் பிள்ளைங்க ஆசையாக வளர்க்கிறாங்க.

என் மகள் இரண்டு முயல் வளர்த்தாள். நான் தோட்ட வேலைக்குப் போய்விட்டு வரும்போது, கழித்துப் போட்ட முட்டைக்கோஸ் இலையை ஒரு பை நிறையக் கொண்டுவந்து போடுவேன். வேறு தீனி கிடையாது. அங்கேதான் தப்பு நடந்தது.

முயலுக்கு 28 பல். அத்தனையும் ஆயுசு முழுக்க வளர்ந்துகிட்டே இருக்கும். நார் உள்ள புல்லை நாள் முழுக்க மென்றால்தான் தேயும். இல்லாவிட்டால் கடைவாய்ப்பல் கோணலாக வளர்ந்து நாக்கையும் கன்னத்தையும் குத்தும். வேர்ப் பக்கம் கிருமி புகுந்து தாடையில் சீழ் கட்டும்.

முதல் முயலுக்கு வாயோரம் ஈரமாகவே இருந்தது. தண்ணி குடித்திருக்கும் என்று விட்டுட்டேன். அப்புறம் தாடையில் நெல்லிக்காய் அளவு கட்டி. நமக்கு வரும் கட்டி மாதிரி நினைத்து பிளேடால் கீறினேன். சீழ் வடியவே இல்லை, கெட்டி வெண்ணெய் மாதிரி உள்ளேயே நின்றது. வீட்டில் மிச்சம் இருந்த அமாக்சிசிலின் மாத்திரையையும் கரைத்துக் கொடுத்தேன். கழிச்சல் கண்டு மூன்றாம் நாள் செத்துப்போச்சு. மகள் ஒரு வாரம் என்கிட்டே பேசவில்லை.

அடுத்ததுக்கும் வாயோரம் ஈரம் கண்டது. குழுவில் உள்கடன் கேட்டேன். "முயலுக்கா கடன்?" என்று கேட்டாலும், கொடுத்தாங்க. ஓசூருக்குக் கொண்டுபோனோம். டாக்டர் எக்ஸ்ரே எடுத்து, மயக்க மருந்து கொடுத்து, சீழ்ப்பையை உறையோடு எடுத்து, கெட்டுப்போன பல்லையும் பிடுங்கினார். புண்ணைத் திறந்தபடியே விட்டு, தினமும் கழுவச் சொன்னார். பல வாரம் ஊசி. தீவனத்தை ஊறவைத்துக் கரைத்து, ஊசி இல்லாத சிரிஞ்சில் நான் ஊட்டினேன். பிழைத்துவிட்டது. கட்டி திரும்ப வரலாம் என்பதால் அடிக்கடி தாடையைத் தடவிப் பார்க்கிறோம்.

அமாக்சிசிலினை வாய்வழியாகக் கொடுத்தால் முயல் குடலில் இருக்கும் நல்ல கிருமி செத்து, விஷம் உண்டாகுமாம். டாக்டர் சொன்னபோது எனக்கு அழுகை வந்துவிட்டது.

அதனால் சொல்றேன். காய்ந்த புல்தான் முயலுக்குச் சோறு, இலைதழை தொடுகறி மட்டும். வாயோரம் ஈரம், கண்ணில் நீர், எடை குறைவு, தீனியைக் கடித்துக் கீழே போடுவது, இதில் எது தெரிந்தாலும் டாக்டரிடம் காட்டுங்க. அரை நாள் தின்னாமல் இருந்தாலே குடல் நின்றுபோகும், விடியட்டும் என்று காத்திருக்காதீங்க. வீட்டு மாத்திரை வேண்டவே வேண்டாம்.