உருண்டைக் கல்லும் உடைந்த கல்லும்

பின்னால் நிற்பவர்கள் முன்னால் வந்து உட்காருங்கள். இன்றைய பேச்சு கல்லைப் பற்றியது.

ஆற்றில் கிடக்கும் கல்லைப் பார்த்திருப்பீர்கள். வழவழப்பாக, உருண்டையாக இருக்கும். குவாரியில் வெடி வைத்து உடைத்த கல்லையும் பார்த்திருப்பீர்கள். முனை முனையாக இருக்கும். வெறுங்காலில் மிதித்தால் குத்தும். இரண்டும் ஒரே பாறையாகக்கூட இருக்கலாம். ஒன்று தண்ணீரில் உருண்டு தேய்ந்தது. இன்னொன்று ஒரே அடியில் உடைந்தது. கண்ணை மூடிக்கொண்டு கையில் வாங்கினாலும் எது எங்கிருந்து வந்தது என்று சொல்லிவிடுவீர்கள்.

இதையே வேலையாகச் செய்பவர்கள் இருக்கிறார்கள். இங்கே ஏன் மேடு? அங்கே ஏன் பள்ளம்? இதுதான் அவர்கள் கேட்கும் கேள்வி. அவர்களில் சிலர் பூமியோடு நிற்பதில்லை. நிலாவில் உள்ள பள்ளம் எப்படி வந்தது, செவ்வாயில் உள்ள பள்ளத்தாக்கு எப்படி வந்தது என்றும் ஆராய்கிறார்கள்.

"அங்கே போகாமல் எப்படி அறிவது?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் தெரிய வேண்டுமானால், மகாராஷ்டிரத்தில் புல்டாணா மாவட்டத்துக்குப் போக வேண்டும்.

அங்கே லோனார் என்று ஓர் ஊர் இருக்கிறது. ஊரை ஒட்டி வட்டமான பெரிய பள்ளம். ஒரு கரையிலிருந்து எதிர்க்கரை சுமார் 1,800 மீட்டர். ஆழம் ஏறக்குறைய 150 மீட்டர். அடியில் உப்புத் தண்ணீர் ஏரி. பள்ளத்தின் விளிம்பு சுற்றிலும் வரப்புப் போல உயர்ந்து நிற்கிறது.

இந்தப் பள்ளம் எப்படி வந்தது? ஊர் மக்களிடம் ஒரு கதை உண்டு. லவணாசுரன் என்ற அரக்கன் நிலத்துக்கு அடியில் ஒளிந்திருந்தானாம். விஷ்ணு அவனைக் கொன்றாராம். அந்த இடம்தான் இந்தப் பள்ளமாம். அந்த விஷ்ணுவுக்கு அங்கே அழகான பழைய கோயிலும் இருக்கிறது. வானத்துக்கும் இந்தப் பள்ளத்துக்கும் தொடர்பு உண்டு என்று கதை கட்டியவர்களுக்கு எப்படித் தோன்றியதோ!

படித்தவர்களில் பலர் வேறு மாதிரி நினைத்தார்கள். இது பழைய எரிமலையின் வாய் என்றார்கள். அப்படி நினைக்கக் காரணம் இருந்தது. தக்காணத்தின் பெரும்பகுதி எரிமலைக் குழம்பு ஓடி உறைந்த பாறை. அதற்கு பாசால்ட் என்று பெயர். சுமார் 6 கோடியே 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன் ஓடிய குழம்பு அது. எரிமலைப் பாறையின் நடுவில் பள்ளம் இருந்தால் எரிமலை வாய் என்றுதானே தோன்றும்?

விடை கல்லில் இருந்தது. ஏரிக்கு அடியில் துளை போட்டுப் பாறைத் துண்டுகளை எடுத்தார்கள். இந்திய அறிஞர்களும் அமெரிக்க அறிஞர்களும் சேர்ந்து ஆராய்ந்தார்கள். சேற்றுக்குக் கீழே பாறை நொறுங்கிக் கிடந்தது. சில மணிகள் கண்ணாடியாக மாறியிருந்தன. நெருப்பில் உருகி மாறியவை அல்ல. உருகாமலேயே, ஒரே அதிர்ச்சியில், கண் இமைப்பதற்குள் மாறியவை. எரிமலைக்கு அவ்வளவு வேகமான அடி கிடையாது. வானத்திலிருந்து வந்து விழும் பெரிய கல்லுக்கு உண்டு. 1973இல் இதை எழுதி வெளியிட்டார்கள். அந்த வானக்கல், பள்ளத்தைவிடப் பல மடங்கு சிறியது. வேகம்தான் அவ்வளவு பெரிய பள்ளத்தைத் தோண்டியது.

எப்போது விழுந்தது? ஒரு முறையில் கணக்கிட்டவர்கள் சுமார் 50,000 ஆண்டு என்றார்கள். 2010இல் வேறு முறையில் கணக்கிட்டவர்கள் ஐந்தரை லட்சத்துக்கும் மேல் என்றார்கள். வயதைப் பற்றித்தான் இந்தச் சண்டை. விழுந்தது வானக்கல் என்பதில் சண்டை இல்லை.

இப்போது நிலாவுக்கு வருவோம். முழு நிலவில் கறுப்புத் திட்டுகள் தெரியும். பாட்டி வடை சுடுகிறாள் என்று குழந்தைகளுக்குச் சொல்வீர்கள். 1969இல் அமெரிக்கர்கள் முதன்முதலில் இறங்கியது அப்படி ஒரு கறுப்புத் திட்டில்தான். அங்கிருந்து கல் கொண்டு வந்தார்கள். அதுவும் பாசால்ட்! லோனாரில் கிடக்கும் பாறையின் இனம். பாசால்ட் பாறையில் வானக்கல் விழுந்து, இவ்வளவு நன்றாக உருவம் கெடாமல் இருக்கும் பள்ளம் பூமியில் மிகவும் அரிது. அதனால்தான் நிலாவை ஆராய்பவர்கள் லோனாருக்கு வந்து கல் பொறுக்குகிறார்கள். ராக்கெட் வேண்டாம், பேருந்து போதும். நிலாவின் வெள்ளைப் பகுதிக்கும் நம் நாட்டிலேயே இனம் உண்டு. நாமக்கல் மாவட்டம் சித்தம்பூண்டியில் கிடைக்கும் பாறையைப் பொடியாக்கித்தான், சந்திரயான் வண்டிக்குப் பரிசோதனைத் தரை போட்டார்கள்.

நிலாவில் எங்கு பார்த்தாலும் குழிகள்தான். பூமியில் மட்டும் ஏன் குறைவு? பூமியில் விழாமல் இல்லை. விழுந்த குழியை மழை கரைக்கிறது. ஆறு மண்ணைக் கொண்டுவந்து நிரப்புகிறது. மரம் வேர் விடுகிறது. நிலாவில் காற்றில்லை, மழையில்லை. விழுந்த குழி விழுந்தபடியே கிடக்கிறது.

புழுதி படிந்த வாசலில் மழைத்துளி விழுவதை நினைத்துப் பாருங்கள். நாலைந்து பொட்டு இருந்தால், தூறல் இப்போதுதான் தொடங்கியது என்று தெரியும். வாசல் முழுக்கப் பொட்டு என்றால், தொடங்கி நேரமாகிவிட்டது. நிலாவின் வயதையும் இப்படித்தான் பார்க்கிறார்கள். குழி நெருக்கமாக உள்ள தரை பழையது. குழி குறைவான தரை புதியது. கறுப்புத் திட்டுகளில் குழி குறைவு. அதனால் அவை புதியவை. புதியவை என்றால் நேற்று வந்தவை என்று நினைத்துவிடாதீர்கள். அமெரிக்கர்கள் அங்கிருந்து கொண்டு வந்த கற்களுக்கே வயது 300 கோடி ஆண்டுகளுக்கு மேல்!

நம் சந்திரயான்-3 இறங்கியது 2023 ஆகஸ்ட் 23இல், நிலாவின் தென் பகுதியில். அதிலிருந்து பிரக்யான் என்ற ஆறு சக்கர வண்டி இறங்கி ஓடியது. நான்காம் நாளே அதன் எதிரில் 4 மீட்டர் அகலக் குழி ஒன்று தென்பட்டது. குழிக்கும் வண்டிக்கும் இடையே மூன்று மீட்டர்தான். இங்கிருந்தே ஆணை அனுப்பி, வண்டியை வந்த வழியே திருப்பி வேறு பக்கம் ஓட்டினார்கள். நிலாவில் குழியைப் படிக்கத் தெரியாவிட்டால் வண்டி போய்விடும்.

செவ்வாயின் கதை வேறு. அங்கே இப்போது ஆறு இல்லை. ஆனால் ஆறு ஓடிய தடம் போன்ற பள்ளத்தாக்குகள் 1970களின் படங்களிலேயே தெரிந்தன. தண்ணீர்தானா, வேறு ஏதாவதா என்று வாதம் நடந்தது. 2012இல் கியூரியாசிட்டி என்ற அமெரிக்க வண்டி அங்கே இறங்கியது. சில வாரங்களிலேயே ஒரு படம் அனுப்பியது. படத்தில் என்ன இருந்தது தெரியுமா? உருண்டைக் கற்கள்! கோலிக்குண்டு அளவுக் கற்கள், ஒட்டி இறுகிக் கிடந்தன. அவ்வளவு பெரிய கற்களைக் காற்று உருட்டி வர முடியாது. தண்ணீர்தான் உருட்டியிருக்க வேண்டும். கல்லின் அளவை வைத்து ஆழத்தையும் கணக்குப் போட்டார்கள். கணுக்கால் அளவு முதல் இடுப்பளவு வரை தண்ணீர் ஓடியிருக்கிறது. துணி துவைக்க இறங்குவோமே, அந்த ஆழம். அந்த ஓடை வற்றிப் பல கோடி ஆண்டுகள் ஆகிவிட்டன.

சனிக் கோளுக்கு டைட்டன் என்று ஒரு நிலா உண்டு. 2005 ஜனவரி 14 அன்று அதில் ஹைகன்ஸ் என்ற கருவி இறங்கியது. அங்கேயும் உருண்டைக் கற்கள்தான். ஆனால் கல் கல்லல்ல, பாறைபோல் இறுகிய பனிக்கட்டி. அதை உருட்டியதும் தண்ணீரல்ல. சாண எரிவாயு அடுப்பில் எரிகிறதே, மீத்தேன், அதுதான். அங்கே உள்ள கடுங்குளிரில் அந்த வாயு மழையாகப் பெய்து ஆறாக ஓடுகிறது. எது ஓடினால் என்ன, ஓடினால் கல் உருண்டையாகும்.

மறுபடி லோனாருக்கு வருவோம். 2020 ஜூன் மாதம் அந்த ஏரி திடீரென்று இளஞ்சிவப்பாக மாறியது. நாடே வேடிக்கை பார்த்தது. உப்பில் வாழும் நுண்ணுயிர்கள்தான் காரணம் என்று கண்டார்கள். ஆனால் ஊர்க் கழிவு நீர் ஏரியில் கலப்பது அதற்குப் பல ஆண்டு முன்பே வழக்காகி, உயர் நீதிமன்றம் வரை போயிருந்தது. அதை வேடிக்கை பார்க்க யாரும் வரவில்லை. பள்ளத்தைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்கு மேல், அன்று தெறித்த கற்கள் பரவிக் கிடக்கின்றன. எந்தக் கல் எந்தப் பக்கம், எவ்வளவு தூரம் தெறித்தது என்பதுதான் ஆராய்ச்சி. அந்தக் கல்லை இடம் மாற்றிவிட்டால் கணக்குப் போய்விடும். திரும்ப அடுக்கி வைக்க யாராலும் முடியாது.

மழை வேறு தன் வேலையைச் செய்துகொண்டிருக்கிறது. விளிம்பின் வடகிழக்கில் தார் என்ற ஊற்று இருக்கிறது. வருடம் முழுவதும் வற்றாது. அந்த ஓடை விளிம்பை அறுத்துக்கொண்டே இறங்குகிறது. அறுத்த மண்ணை ஏரிக்குள் கொண்டுபோய்க் கொட்டுகிறது. பள்ளம் கொஞ்சம் கொஞ்சமாக நிரம்புகிறது. தெறித்து விழுந்தபோது முனை முனையாக இருந்த கற்கள், அந்த ஓடையில் உருண்டு தேய்ந்துகொண்டிருக்கின்றன.