ஆய்வகமும் வகுப்பறையும்



கல்லூரியில் வேதியியல் பயின்ற எவரும் உப்புப் பகுப்பாய்வில் பாஸ்பேட்டைக் கண்டறிந்திருப்பார். நைட்ரிக் அமிலமும் அம்மோனியம் மாலிப்டேட்டும் சேர்த்துச் சூடாக்கியதும் மஞ்சள் வீழ்படிவு தோன்றும். ‘பாஸ்பேட் உள்ளது’ என்று செய்முறைக் குறிப்பேட்டில் எழுதியதும் சோதனை முடிகிறது. வினாவும் அங்கேயே முடிந்துவிடுவதுதான் நமது குறை.

அதே பாஸ்பேட் லித்தியத்துடனும் இரும்புடனும் சேர்ந்த சேர்மம் மின்கலத்தின் நேர்முனைப் பொருளாகப் பயன்படும் என்று 1997-இல் டெக்சாஸ் பல்கலைக்கழகப் பேராசிரியர் குட்இனஃப் குழுவினர் காட்டினர். பாஸ்பரசும் ஆக்சிஜனும் வலுவாகப் பிணைந்திருப்பதால், வெப்பமேறினும் இப்பொருள் எளிதில் ஆக்சிஜனை வெளிவிடுவதில்லை. தீப்பற்றும் அபாயம் குறைகிறது. மின்கடத்தும் திறன் குறைவு என்ற இடையூற்றைப் பின்னர் கரிப்பூச்சும் நுண்துகள்களும் நீக்கின. வகுப்பில் நாம் கற்பிக்கும் பிணைப்பு வலிமையே இன்று மின்பேருந்துகளின் பாதுகாப்புக்குத் துணை நிற்கிறது. தாமே ஆய்வு செய்யும் ஆசிரியர் இத்தொடர்பை இயல்பாக எடுத்துக்காட்டுவார்.

ஆய்வையும் இளநிலைக் கல்வியையும் இணைக்கவே 2006 முதல் இந்திய அறிவியல் கல்வி மற்றும் ஆராய்ச்சி நிறுவனங்கள் தொடங்கப்பட்டன. ஆனால் நம் மாணவர்களில் மிகப் பெரும்பாலோர் பயில்வது இணைப்புக் கல்லூரிகளில்தான். அங்கும் இறுதியாண்டு மாணவர் ஒவ்வொருவரிடமும் விடை தெரியாத சிறு வினா ஒன்றை ஒப்படைக்கலாம். சேர்மத்தை நம் ஆய்வகத்தில் தயாரிப்போம். விலையுயர்ந்த கருவிகளுக்கு அருகிலுள்ள பல்கலைக்கழகத்தை நாடுவோம்.

அதிகாரிகளிடம் நான் வேண்டுவன இரண்டு: வேதிப்பொருள்களுக்குச் சிறு தொகை, ஆசிரியருக்கு வாரத்தில் சில மணி நேரம். மாணவர்களிடம் வேண்டுவது ஒன்று: பொய்த்துப்போன சோதனையையும் மறைக்காமல் எழுதுங்கள். அறிவியல் அங்கிருந்துதான் தொடங்குகிறது.