சாவி கொடுக்கும் கை



‘குளொக்வேர்க்’ என்னும் ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழ் யாது என்று நம் இளைஞரிடையே எழுந்த வழக்கே இன்றைய பேச்சுக்கு வித்து. மிஷன் கல்லூரிகளிலே பயின்ற நாம் அச்சொல்லைப் பாராட்டாகவே முதலிற் கேட்டோம். ஒரு காரியம் ‘குளொக்வேர்க் போல’ நடந்தது என்றால், பிசகின்றிக் குறித்த வேளையில் நடந்தது என்பது கருத்து.

சொல்லின் நேர்ப்பொருளோ மணிக்கூட்டின் உள்ளே இருக்கும் பொறி. முறுக்கிய வில்லாவது, தொங்கும் பாரமாவது பற்சில்லுகளை உந்துகின்றது. அவ்விசை ஒரேயடியாய் ஓடித் தீர்ந்துவிடாமல், ஊசலோடு அசையும் சிறு தடுப்பொன்று சில்லைப் பல் பல்லாக விடுகின்றது. ‘டிக் டிக்’ என நாம் கேட்பது அத்தடுப்பு பல்லிலே படும் ஓசைதான். வில் தளர்ந்தால் எல்லாம் நின்றுவிடும். மறுபடியும் ஒருவர் சாவி கொடுக்கவேண்டும். ஆங்கிலச் சொல் இந்த ஒருவரை மறந்துவிட்டது என்பதே நமது முறைப்பாடு.

நம் முன்னோர் அவரை மறக்கவில்லை. முல்லைப்பாட்டிலே, பாசறையில் இருக்கும் அரசனுக்குப் பொழுது சொல்வோர் வருகின்றனர். அவர்கள் கருவி கன்னல் என்னும் நீர்க்கடிகை. கருவி தானாய்ப் பேசவில்லை; பார்த்துச் சொல்ல ஆள் இருந்தார். தமிழகத்தார் வழங்கும் ‘கடிகாரம்’ என்ற சொல்லிலும் 24 நிமிடம் கொண்ட அந்தப் பழைய கடிகையின் வாடை வீசுகின்றது. நாம் ‘மணிக்கூடு’ என்கின்றோம். மணி குடியிருக்கும் கூடு! இதைவிட அழகான பெயர் வேண்டுமா?

கொழும்புக் கோட்டையின் மணிக்கூட்டுக் கோபுரத்தை அறியாதார் இரார். தேசாதிபதி வார்ட் அவர்களின் மனைவியார் வரைந்த அமைப்பின்படி 1857இல் எழுந்த அக்கோபுரம், 1867 முதல் 1952 வரை வெளிச்சவீடாகவும் விளங்கிற்று. இலண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் மணிக்கூட்டைச் செய்த டென்ற் நிறுவனத்தாரிடம் 1872இல் இதற்கெனப் பெற்ற மணிக்கூடு, பணமுடையினால் நாற்பது ஆண்டளவு கிடங்கிலே கிடந்து 1914இலேதான் ஓடத் தொடங்கியதாம். பற்சில்லுகளுக்கு ஒரு குறையுமில்லை. இருந்தென்ன!

வேதபாட வகுப்பிலே பேலியின் மணிக்கூட்டு உவமையைக் கேட்டவர்கள் இச்சபையிலும் உளர். மணிக்கூடு ஒன்று கண்டால் அதைச் செய்தவன் உண்டெனத் தெளிவது போல, உலகைக் கண்டு கடவுளைத் தெளியலாம் என்பது அது. அதற்கும் முன்னே, 1715இல், லைப்னிற்ஸ் என்ற ஜேர்மன் அறிஞர் நியூற்றனின் கொள்கையை எள்ளினார்: தம் மணிக்கூட்டுக்கு இடையிடையே சாவி கொடுக்கவேண்டிய கடவுளும் ஒரு கடவுளா என்று. சைவ மரபிலே வளர்ந்த நமக்கோ இந்த ஏளனம் உறைப்பதில்லை. ஐந்தொழிலை இடையறாது இயற்றுபவன் என்றே இறைவனைப் போற்றுகின்றோம். செய்து வைத்துவிட்டு அப்பாலே போனவனை நாம் அறியோம்.

நல்லூர்க் கந்தசுவாமி கோயிலை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே பூசையும் திருவிழாவும் குறித்த நேரம் தவறா என்பது நாடறிந்த பேச்சு. ஆனால் அது பொறியின் வேலையா? ஒவ்வொரு நாளும் ஒருவர் வைகறையில் எழுந்து, நீராடி, கதவு திறந்து, விளக்கேற்றவேண்டும். நேற்று ஏற்றிய விளக்கு இன்றைக்கு எரியாது. இதனை ‘இயந்திரம் போல’ என்று மொழிபெயர்ப்பவர் பாராட்டுவதாக எண்ணிப் பழித்துவிடுகின்றார். தமிழிலே ‘சாவி கொடுத்த பொம்மை’ என்பது வசை. ஆங்கிலத்திலும் அந்தக் கசப்பு இல்லாமலில்லை: 1962இல் அந்தனி பேர்ஜஸ் எழுதிய நாவலொன்று, நன்மை தீமையைத் தானே தெரிந்தெடுக்கும் உரிமை பறிக்கப்பட்ட மனிதனுக்கு இச்சொல்லையே பெயராக்கிற்று.

ஆகவே நமது தீர்ப்பு இது. பொறியைக் குறிக்குமிடத்து ‘மணிக்கூட்டுப் பொறி’ என்க. விளையாட்டுச் சாமானுக்குச் ‘சாவி கொடுத்தால் ஓடும்’ என்பது போதும். ஆளைப் பாராட்டுமிடத்து ‘நேரம் தவறாதவர்’ என்றே எழுதுவோம். ஐந்து மணிக்கென்று அறிவித்து ஆறுக்குத் தொடங்கும் நம் கூட்டங்களிலே, நாலரைக்கே வந்து மண்டபம் திறந்து கதிரை அடுக்குகின்றாரே ஓர் அன்பர், அவரை வேறெப்படி அழைப்பது?